மலக்குடல் புற்று: கட்டியை உடனே எடுக்காமல் முதலில் கரண்ட் (கதிர்வீச்சு), மாத்திரை என்கிறார்கள். காத்திருக்கலாமா?

புலியூர்வாசி

வணக்கம். கடலூர் திருப்பாதிரிப்புலியூரிலிருந்து எழுதுகிறேன். அம்மாவுக்கு வயது 54. எட்டு மாதமாக மலத்தில் ரத்தம். மூலம் என்று சொல்லி ஒரு இடத்தில் களிம்பு கொடுத்துக்கொண்டே இருந்தார்கள். ஒருமுறைகூட யாரும் விரல் விட்டுப் பார்க்கவில்லை. போன மாதம் புதுச்சேரிக்கு அழைத்துப் போனேன். அங்கே பார்த்த டாக்டர் இரண்டே நிமிடத்தில் கையுறையைக் கழற்றிப் போட்டுவிட்டு, "கட்டி விரலுக்கே தட்டுதும்மா" என்றார். அப்புறம் குழாய் விட்டுப் பார்த்தது, சதை எடுத்தது, எம்.ஆர்.ஐ., சி.டி. என்று எல்லாம் ஆனது. மலக்குடல் புற்று, டி3 என்று எழுதியிருக்கிறது, அதாவது கட்டி குடல் சுவரின் தசையைத் தாண்டிவிட்டதாம். பக்கத்தில் இரண்டு நிணநீர் முடிச்சுகளில் சந்தேகம். கல்லீரல், நுரையீரல் சுத்தம்.

இப்போது 28 நாள் கரண்ட் வைக்க வேண்டும், கூடவே காபெசிடபின் என்ற கீமோ மாத்திரை, அது முடிந்து எட்டுப் பத்து வாரம் கழித்துத்தான் ஆபரேஷன் என்கிறார்கள். கூட்டிப் பார்த்தால் கிட்டத்தட்ட நாலு மாதம் ஆகிறது. பெரியப்பா வீட்டில் கத்துகிறார்: "வீட்டுக்குள்ள பாம்பு இருக்குன்னு தெரிஞ்ச பிறகு நாலு மாசம் கழிச்சு அடிக்கலாம்னு சொல்றானா?" எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. அதற்குள் பரவிவிடாதா? யாராவது இதை அனுபவித்தவர்கள் இருந்தால் சொல்லுங்கள். அம்மா கேட்பது வேறு கேள்வி: கரண்ட் வைத்துக்கொண்டு வந்தால் பேரனைத் தூக்கலாமா?

கத்திரிக்கோல்

தங்கச்சி, கடைசிக் கேள்விக்கு முதலில் பதில். தாராளமாகத் தூக்கலாம். கதிர் வெளியே இருக்கிற மெஷினிலிருந்து வந்து போய்விடுகிறது, உடம்பில் எதுவும் தங்குவதில்லை. நான் அந்த ஐந்தரை வாரமும் பேத்தியை மடியில் வைத்துக்கொண்டுதான் பட்டன் தைத்தேன். (கடைசி வாரம் மடியில் வைக்க முடியவில்லை. அதற்குக் காரணம் வேறு, கீழே சொல்கிறேன்.)

நான் கிருமாம்பாக்கம் பக்கம் டெய்லர் கடை வைத்திருக்கிறேன். 2019இல் எனக்கு இதே வியாதி. ஆசனவாயிலிருந்து 6 செ.மீ. உயரத்தில் கட்டி. உங்கள் பெரியப்பா கேட்ட கேள்வியை நான் டாக்டரிடம் இன்னும் மோசமாகக் கேட்டேன். "காசு பிடுங்க இழுக்கறீங்களா சார்?" என்றே கேட்டுவிட்டேன். அவர் கோபப்படவில்லை. எம்.ஆர்.ஐ. படத்தைத் திரையில் போட்டு, பேனா முனையால் ஒரு கோட்டைக் காட்டினார். மலக்குடலைச் சுற்றிக் கொழுப்பு ஒரு உறை மாதிரி இருக்கிறது. ஆபரேஷனில் அந்த உறையோடு சேர்த்து முழுசாக எடுப்பார்களாம். என் கட்டி அந்த உறையின் விளிம்புக்கு 1 மில்லிமீட்டர்கூட இடைவெளி இல்லாமல் நின்றது. "இப்ப வெட்டினா விளிம்புல கட்டி மிச்சம் விழும். அப்புறம் அதே இடத்துல திரும்ப வரும்" என்றார்.

அது எனக்குச் சட்டென்று புரிந்தது. தையலுக்கு ஓரம் விடாமல் துணியை வெட்டினால் என்ன ஆகும் என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. இன்னொன்று. கோடித் துணியை நனைத்துச் சுருங்க வைக்காமல் நான் கத்திரி வைக்க மாட்டேன். இதை டாக்டரிடம் சொன்னதும் சிரித்துவிட்டார். "ஏறக்குறைய அதுதான், ஆனா துணியில உயிர் இல்ல" என்றார்.

ஆக, காத்திருக்கச் சொல்கிறார்கள் என்று நினைக்காதீர்கள். முதல் கரண்ட் வைக்கிற அன்றைக்கே பாம்பின் தலையில் அடி விழுந்துவிடுகிறது. பெரியப்பாவிடம் அப்படியே சொல்லுங்கள்.

இனி நடந்ததைச் சொல்கிறேன். முதலில் ஒரு நாள் சி.டி. மெஷினில் படுக்க வைத்து அளவெடுத்தார்கள். அடிவயிற்றில் ஒன்று, இடுப்பின் இரண்டு பக்கமும் ஒவ்வொன்று என்று குறி வைத்தார்கள். சுவரிலிருந்து பச்சை லேசர் கோடு வந்து அந்தக் குறியின்மேல் விழும். தினமும் அதில் நம்மைப் பொருத்துகிறார்கள், நான் நடுக்கோடு பார்த்துச் சட்டைத் துணி விரிக்கிற மாதிரி. எனக்கு மையால்தான் போட்டார்கள். அது ஏப்ரல் கடைசி, அடுத்து அக்னி நட்சத்திரம். வியர்வையில் மை கரைந்து வேட்டி முழுக்க ஊதா. மங்கினால் நாமாகப் பேனாவால் வரைந்துகொள்ளக் கூடாது, அங்கேதான் போட்டுக்கொள்ள வேண்டும். அம்மா உள்பாவாடை நாடாவை இறுக்கிக் கட்டுபவராக இருந்தால் பக்கவாட்டுக் குறி அழிந்துவிடும். ஐந்து வாரத்துக்கு நைட்டி போதும்.

அடுத்தது தண்ணீர். சிறுநீர்ப்பை நிறைந்திருந்தால் சிறுகுடலை மேலே தள்ளிவிடும், கதிர் அதன்மேல் குறைவாகப் படும். அதனால் அங்கே போனதும் சிறுநீர் கழித்துவிட்டு, அரை லிட்டர் தண்ணீர் குடித்து, முக்கால் மணி நேரம் அடக்கிக்கொண்டு உட்கார வேண்டும். உங்கள் முறை வரும்போது சரியாகச் சிறுநீர்ப்பை நிரம்பியிருக்க வேண்டும். ஆனால் முறை எப்போது சொன்ன நேரத்துக்கு வந்திருக்கிறது? ஒரு நாள் மெஷின் படுத்துவிட்டது. வரிசையில் ஆறு பேர், எல்லோரும் தண்ணீர் குடித்து முடித்தவர்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க முடியவில்லை. கடைசியில் ரெட்டிச்சாவடிப் பெரியவர் ஒருவர் எழுந்து "நான் தோத்துட்டேன்பா" என்று சொல்லிவிட்டுக் கழிப்பறைக்கு ஓடினார், பின்னாலேயே நாங்கள் ஐந்து பேர். அன்றும் மறுநாளும் கரண்ட் இல்லை. விட்டுப்போன இரண்டையும் கடைசியில் சேர்த்து 28ஐ முழுசாக முடித்தார்கள்.

கரண்ட் வைக்கும்போது ஒன்றும் தெரியாது. சுடாது, வலிக்காது. படுக்க வைத்துச் சரிபார்க்கிற நேரம்தான் அதிகம், மெஷின் ஓடுவது சில நிமிடம்.

மாத்திரை எனக்குக் காலையில் 3, இரவில் 2. உயரம், எடை பார்த்து ஆளுக்கு ஆள் மாறும். சாப்பிட்டு அரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். கரண்ட் இல்லாத சனி, ஞாயிறு மாத்திரைக்கும் லீவு. ஒருவேளை மறந்தால் மறுவேளை சேர்த்துப் போடக் கூடாது. வாரம் ஒருமுறை ரத்தம் எடுத்து அணுக்கள் எண்ணிக்கை பார்த்தார்கள்.

முதல் இரண்டு வாரம் கடையைத் திறந்து வேலையே பார்த்தேன். "இதுக்கா இவ்வளவு பயந்தோம்" என்று மனைவியிடம் வீரம் பேசினேன். மூன்றாவது வாரம் வயிறு போக ஆரம்பித்தது. அந்த நேரம் பார்த்து மச்சான் பண்ருட்டியிலிருந்து ஒரு பலாப்பழம் கொண்டுவந்தார். டாக்டர் நார்ச்சத்தைக் குறைக்கச் சொல்லியிருந்தார். மூன்று சுளைதானே என்று தின்றேன். அன்று இரவு பதினோரு தடவை. மறுநாள் உப்பு-சர்க்கரைக் கரைசல், டாக்டர் எழுதிக்கொடுத்த லோபரமைடு என்ற பேதி மாத்திரை, பேதியை நிறுத்த. ஒரு வாரம் குழைந்த சாதமும் மோரும்தான். பலாப்பழ வாசனை வந்தாலே மனைவி இன்னமும் என்னைத்தான் பார்க்கிறாள்.

நான்காவது வாரத்திலிருந்து ஆசனவாயைச் சுற்றித் தோல் சிவந்து எரியும். தையல்காரனுக்கு உட்கார முடியாவிட்டால் பிழைப்பே இல்லை. நின்றுகொண்டே காஜா எடுத்தேன். ஒரு அகலமான பிளாஸ்டிக் தொட்டியில் வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றிக் காலையும் மாலையும் பத்து நிமிடம் உட்காரச் சொன்னார்கள், அதுதான் சுகம். சோப்பு, பவுடர், எண்ணெய் எதுவும் வேண்டாம், அவர்கள் கொடுக்கும் களிம்பைத் தவிர. கடையில் வாங்கிய உள்ளாடையில் நடுவில் ஒரு தடித்த தையல் வரும் பாருங்கள், அது பட்டால் உயிர் போகும். பழைய மல் வேட்டியைக் கிழித்து நடுவில் தையலே விழாத மாதிரி நாலு தைத்துக்கொண்டேன். என் முப்பது வருடத் தொழிலில் எனக்காக யோசித்துத் தைத்தது அது ஒன்றுதான்.

யாரும் முன்கூட்டிச் சொல்லாதது இது: கரண்ட் முடிந்த அன்றே எல்லாம் ஆறிவிடும் என்று நினைத்தேன். இல்லை. முடிந்த பிறகும் பத்து நாள் எரிச்சல் ஏறிக்கொண்டே போனது. அதற்கப்புறம்தான் இறங்கியது.

கதிர்மாணவன்

கத்திரிக்கோல் அண்ணா சொன்னதற்கு மேல் அனுபவமாகச் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை. கதிர்வீச்சுச் சிகிச்சை மேற்படிப்புப் படிக்கிறேன். பெரியப்பாவின் கேள்வி நியாயமானது. அதே கேள்வியை ஜெர்மனியில் ஆய்வாகவே நடத்திப் பார்த்திருக்கிறார்கள். ஒரு பகுதியினருக்கு ஆபரேஷனுக்கு முன்னால் கதிரும் மருந்தும், மறு பகுதியினருக்கு ஆபரேஷனுக்குப் பின்னால். 2004இல் முடிவு வெளியானது. ஐந்து வருடத்தில் அதே இடத்தில் புற்று திரும்பி வந்தது முன்னால் கொடுத்தவர்களில் 6 சதவீதம், பின்னால் கொடுத்தவர்களில் 13 சதவீதம். பக்கவிளைவும் முன்னால் கொடுத்தவர்களுக்குத்தான் குறைவு. ஆனால் ஒன்றை மறைக்கக் கூடாது: மொத்தத்தில் உயிர் பிழைத்தவர்கள் எண்ணிக்கையில் இரண்டு பக்கத்துக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. இடுப்புக் குழிக்குள் திரும்ப வராமல் தடுப்பதுதான் இதன் பெரிய லாபம். அப்படித் திரும்பி வந்த ஒருவரின் வலியைப் பார்த்தவர்கள் அதைச் சின்ன லாபம் என்று சொல்ல மாட்டார்கள்.

ஏன் முன்னால்? கதிர் நன்றாக வேலை செய்ய ஆக்சிஜன் வேண்டும். கத்தி படாத இடத்தில் ரத்த ஓட்டம் நன்றாக இருக்கும். ஆபரேஷன் ஆன பிறகு சிறுகுடல் இடுப்புக் குழிக்குள் இறங்கி ஒட்டிக்கொள்ளும், அப்போது கதிர் வைத்தால் நல்ல குடலும் சேர்ந்து அடி வாங்கும். மாத்திரை எதற்கு என்றால், கதிர் பட்டு உடைந்த மரபணுவைப் புற்றணு ரிப்பேர் செய்துகொள்ள விடாமல் அது தடுக்கிறது. இந்த ஐந்து வாரத்தில் கொடுப்பது கதிருக்குத் துணையான குறைந்த அளவுதான். உடம்பில் வேறு எங்காவது ஒளிந்திருப்பதைக் குறிவைத்துக் கொடுக்கும் முழு அளவு கீமோ தனி. அதை ஆபரேஷனுக்குப் பின்னால் கொடுக்கிற வழக்கம் மாறி, இப்போது பலருக்கு அதையும் முன்னாலேயே கொடுத்துவிடுகிறார்கள். சிலருக்கு 28 நாளுக்குப் பதில் நாளுக்கு 5 கிரே (கதிரை அளக்கும் அலகு) வீதம் ஐந்தே நாளில் கதிரை முடிப்பதும் உண்டு. அம்மாவுக்கு ஏன் இந்த முறை என்று கேளுங்கள். கேட்பது தப்பில்லை.

முடிந்த பிறகு எட்டு வாரம் விடுவது வீண் காலம் இல்லை. கதிரின் வேலை அது நின்ற பிறகும் தொடரும், கட்டி சுருங்கிக்கொண்டே வரும். சுமார் ஆறில் ஒருவருக்கு ஆபரேஷனில் எடுத்த குடலைச் சோதித்தால் புற்றணுவே இருக்காது. அப்படி முழுசாகக் கரைந்தவர்களை வெட்டாமலே கண்காணிக்கலாமே என்று பிரேசிலில் ஆஞ்செலிட்டா ஹபர்-காமா என்ற அம்மையார் தொடங்கிவைத்த வழியும் இருக்கிறது. ஆனால் அதற்கு முதல் இரண்டு மூன்று வருடம் சில மாதத்துக்கு ஒருமுறை குழாய் விட்டும் எம்.ஆர்.ஐ. எடுத்தும் விடாமல் பார்க்க வேண்டும். இப்போதே அதை நம்பி மனக்கோட்டை கட்ட வேண்டாம்.

இரண்டு விஷயம் மட்டும் கட்டாயம். எடுத்த சதையில் எம்.எம்.ஆர். பரிசோதனை (மரபணுப் பிழையைத் திருத்தும் புரதங்கள் சரியாக இருக்கின்றனவா என்று பார்ப்பது) செய்தார்களா என்று கேளுங்கள். வெகு சிலருக்கே அதில் குறை தெரியும், ஆனால் தெரிந்தால் சிகிச்சையே வேறு பாதையில் போகலாம். அம்மா ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரினோ வலிப்புக்கு ஃபெனிட்டாயினோ சாப்பிட்டால் முதல் நாளே சொல்லிவிடுங்கள். காபெசிடபின் இரண்டோடும் மோதும்.

உண்மைவிளம்பி

கத்தி பட்டால் பரவும், கரண்ட் வைத்தால் கருகும். எங்கள் ஊரில் ஒருவர் மூலிகைப் பொடியில் கரைத்துக் காட்டியிருக்கிறார். மூன்று மாதம் முயற்சி செய்துவிட்டு அப்புறம் ஆஸ்பத்திரி போகலாமே. நல்லதுக்குத்தான் சொல்கிறேன்.

கத்திரிக்கோல்

நீங்கள் நல்லதுக்குத்தான் சொல்கிறீர்கள். என்னோடு வரிசையில் தண்ணீர் குடித்த ஆறு பேரில் ஒருவர் நாலு மாதம் பொடி சாப்பிட்டுவிட்டு வந்தவர். அதற்குள் குடல் அடைத்து, அவசரமாக, மலம் வெளியேற வயிற்றில் பை வைத்துவிட்டுத்தான் அவருக்குக் கரண்டே ஆரம்பித்தார்கள். அவரும் யாரோ நல்லதுக்குச் சொன்னதைக் கேட்டவர்தான். தங்கச்சி, யார் என்ன பொடி கொடுத்தாலும் டாக்டரிடம் காட்டாமல் அம்மா வாயில் போட வேண்டாம்.

வெள்ளைப்புறா

நான் பை வைத்த நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் நர்ஸ். இதுவரை பதில் எழுதியவர்கள் ஆண்கள் போலிருக்கிறது, அதனால் ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. பெண்களுக்கு இந்தக் கதிரில் பிறப்புறுப்பு வறண்டு, உள்வழி சுருங்கிப்போகும் வாய்ப்பு உண்டு. அதற்கு வழி இருக்கிறது, ஆனால் ஆரம்பத்திலேயே கவனித்தால்தான் பலன். "இந்த வயசுல இதைப் போய்க் கேட்பாங்களா" என்று அம்மாக்கள் வாயே திறக்க மாட்டார்கள். நீங்கள் வெளியே நின்றுகொண்டு, அம்மாவைத் தனியாகப் பெண் டாக்டரிடமோ நர்ஸிடமோ பேச விடுங்கள்.

அப்புறம் பை. தாழ்வான கட்டி என்றால் குடலை இணைத்த இடம் ஆறுவதற்காகத் தற்காலிகமாக ஒரு பை வைப்பது வழக்கம், பிறகு மூடிவிடுவார்கள். கட்டி ஆசனவாய்த் தசையையே பிடித்திருந்தால் நிரந்தரப் பை ஆகலாம். எது என்று இப்போதே கேட்டால் "கரண்ட் முடிந்து எம்.ஆர்.ஐ. பார்த்துச் சொல்கிறேன்" என்பார்கள், அது மழுப்பல் இல்லை. எதுவானாலும் ஆபரேஷனுக்கு முன்னாலேயே வயிற்றில் பை எங்கே வர வேண்டும் என்று குறி போடச் சொல்லுங்கள். அம்மாவை உட்கார வைத்து, குனிய வைத்து, புடவை கட்ட வைத்துப் பார்த்துக் குறிக்க வேண்டும். கொசுவம் செருகும் கோட்டில் பை வந்துவிட்டால் தினமும் கஷ்டம்.

புலியூர்வாசி

எல்லோருக்கும் நன்றி. பெரியப்பாவிடம் கத்திரிக்கோல் அண்ணா எழுதியதை வாசித்துக் காட்டினேன். கோடித் துணி விஷயம் வந்ததும் "சரி, அதுக்கு மேல உங்க இஷ்டம்" என்று எழுந்து போய்விட்டார். அவரைப் பொறுத்தவரை அது சம்மதம்.

அண்ணா, ஒன்று கேட்கலாமா? இப்போது எப்படி இருக்கிறீர்கள்? அம்மா அதைத்தான் திரும்பத் திரும்பக் கேட்கிறார்.

கத்திரிக்கோல்

ஆகஸ்டில் ஆபரேஷன். எடுத்த குடலில் கொஞ்சம் புற்றணு மிச்சம் இருந்தது, ஆனால் ஓரம் சுத்தம். அந்தக் காகிதத்தில் 'விளிம்பு' பற்றிய வரியை மட்டும் மகனை மூன்று முறை படிக்கச் சொன்னேன். அப்புறம் நாலு மாதம் முழு அளவு கீமோ. அதில் உள்ளங்கைத் தோல் உரிந்து ரேகையே போய்விட்டது. வங்கியில் கருவி என் விரலை ஏற்றுக்கொள்ளவில்லை. "நீங்கதானா சார்?" என்று அந்தப் பெண் கேட்டாள். ரேகை சில மாதத்தில் திரும்பியது. 2020 பிப்ரவரியில் பையை மூடினார்கள்.

மூடியதும் பழைய மாதிரி ஆகிவிடவில்லை, அதையும் அம்மாவிடம் சொல்லுங்கள். மலத்தைத் தேக்கி வைக்கிற இடத்தைத்தானே எடுத்திருக்கிறார்கள். முதல் வருடம் ஒரு நாளைக்கு எட்டுத் தடவை. பஸ்ஸில் கடலூர் வருவதென்றால் காலையில் சாப்பிடாமலே கிளம்புவேன். இப்போது மூன்று, நான்கு தடவை. ஐந்து வருடப் பரிசோதனை முடிந்துவிட்டது. கடை திறந்திருக்கிறது, மெஷின் முன்னால் நாலு மணி நேரம் சேர்ந்தாற்போல் உட்கார்கிறேன்.

காப்பீட்டு அட்டை இருந்தால் அந்த ஆஸ்பத்திரியில் செல்லுமா என்று கரண்ட் ஆரம்பிக்கிறதற்கு முன்னாலேயே கேட்டுவிடுங்கள். இன்னொன்று, அம்மாவின் இடுப்பு அளவைத் தனிமடலில் அனுப்புங்கள். நடுத்தையல் இல்லாமல் நாலு தைத்துத் தருகிறேன். மல் துணி இருக்கிறது.

புலியூர்வாசி

அளவு அனுப்பிவிட்டேன் அண்ணா. அளவெடுக்கும்போது அம்மா முதல்தடவையாகச் சிரித்தார். வரும் திங்கள் முதல் கரண்ட். துணியை நனைத்துவிட்டுத்தானே வெட்டுவீர்கள் என்று கேட்கச் சொன்னார்.